மூன்று துண்டு வீலைப் பிரித்து, மெருகேற்றி, திரும்பப் பூட்டுவது: முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் பூட்டிய மூன்று துண்டு வீல் பார்ப்பதற்கு அட்டகாசமாக இருந்தது. நடுப்பகுதி தங்க நிறப் பவுடர் கோட்டிங், விளிம்பு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. இரண்டு வாரம் ஓட்டினேன். அப்புறம் ஏதோ ஒரு சந்தேகத்தில் வீலைக் கழற்றி, காற்றை இறக்கிவிட்டு, டார்க் ரெஞ்சை (குறித்த அளவு இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ சொல்லும் ஸ்பானர்) வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட போல்ட்டுகள் கொஞ்சம் திரும்பிய பிறகுதான் ‘கிளிக்’ என்றன. மரை தேயவில்லை, போல்ட்டிலும் குறை இல்லை. கோட்டிங் பட்டறையில் கொடுக்கும்போது எங்கெல்லாம் அடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களும் முன்பக்கம், பின்பக்கம், துளைக்குள் என்று தாராளமாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள். போல்ட் தலைக்கு அடியிலும் விளிம்போடு ஒட்டும் முகத்திலும் இருந்த அந்தப் பூச்சு, ஓட ஓட நசுங்கியது. பூச்சு நசுங்கிய அளவுக்குப் போல்ட்டின் பிடியும் போனது.

அதனால் இந்த வழிகாட்டியில் பாலீஷைப் பற்றி எவ்வளவு எழுதினாலும், உலோகமும் உலோகமும் சேரும் இடத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்ப வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எது மூன்று துண்டு வீல்?

சாதாரண அலாய் வீல் ஒரே வார்ப்பு. இரண்டு துண்டு வீலில் நடுப்பகுதி தனி, டயர் உட்காரும் உருளை தனி. மூன்று துண்டில் அந்த உருளையும் இரண்டாகப் பிரிந்திருக்கும்: வெளியே தெரியும் லிப், உள்ளே போகும் பேரல். மூன்றையும் ஒரு வட்டமாகச் சுற்றி வரும் சின்ன போல்ட்டுகள் பிடித்திருக்கும். நடுப்பகுதியை எல்லோரும் சென்டர் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்த வகையில் அதிகம் பேர் தேடி வாங்கிப் புதுப்பிப்பது ஜெர்மனியின் பிபிஎஸ் ஆர்எஸ். ஹைன்ரிஷ் பாம்கார்ட்னரும் கிளாவுஸ் பிராண்டும் 1970இல் கறுப்புக் காட்டுப் பகுதியில் உள்ள ஷில்டாக் ஊரில் தொடங்கிய நிறுவனம் அது. இரண்டு பேரின் முதலெழுத்தும் ஊரின் முதலெழுத்தும் சேர்ந்துதான் பிபிஎஸ். 1970களில் பந்தயக் காருக்காக மூன்று துண்டு வீல் செய்தார்கள். ஒரு பகுதி அடிபட்டால் அதை மட்டும் மாற்றலாம், ஒரே சென்டரை வைத்துக்கொண்டு அகலத்தைக் கூட்டலாம் குறைக்கலாம் என்பது பந்தய அணிகளுக்குப் பெரிய வசதி. அதே யோசனை தெருவுக்கு வந்ததுதான் 1983இல் வெளிவந்த ஆர்எஸ். இத்தாலியின் ஓஇசட், ஜப்பானின் எஸ்எஸ்ஆர், வொர்க் போன்றவர்களும் இந்த வகையில் பெயர் எடுத்தவர்கள்.

வாங்கும்போது ஒன்று பாருங்கள். ஆர்எஸ் மாதிரியே வலைப்பின்னல் முகமும், சுற்றிலும் போல்ட் தலைகளும் உள்ள ஒரே வார்ப்பு வீல்கள் சந்தையில் ஏராளம். அந்தத் தலைகள் வெறும் அலங்காரம். வீலைக் கவிழ்த்து, லிப்பும் பேரலும் சேரும் கோடு தெரிகிறதா, போல்ட்டோ நட்டோ உண்மையில் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

முதலில் டயர்

டயரில் காற்று இருக்கும்போது ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. லாரி டயர் கடையில் லாக் ரிங் தெறித்த கதை கேட்காதவர் நம் ஊரில் குறைவு. இதுவும் அதே ஆபத்துதான். 30 பிஎஸ்ஐ என்பது கேட்கச் சின்ன எண். ஆனால் டயரின் பக்கச் சுவர் முழுவதும் அந்த அழுத்தம் விழுந்து, லிப்பை ஒரு பக்கமும் பேரலை மறுபக்கமும் தள்ளும்போது அது டன் கணக்கில் வரும். அந்த விசையைப் பிடித்து நிறுத்துவது இந்தப் போல்ட்டுகள் மட்டுமே.

வால்வின் உள்ளே இருக்கும் பின்னைக் கழற்றி எடுத்து, காற்று முழுவதும் போன பிறகு, டயர் கடையில் கொடுத்து டயரை முழுவதுமாக இறக்கி வாங்குங்கள். டயரோடு வைத்துக்கொண்டு பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடைக்காரரிடம் லிப்பில் கடப்பாரை படாமல் இறக்கச் சொல்லுங்கள். மெஷினில் பிளாஸ்டிக் பாதுகாப்பு இருந்தால் போடச் சொல்லுங்கள்.

அடையாளம் வைப்பது

பிரிக்கும் முன்பு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு வீலுக்கும் ஓர் எண். சென்டர், லிப், பேரல் மூன்றின் உள்பக்கத்திலும் அந்த எண். மூன்றும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் இருந்தன என்பதற்கு ஒரு நேர்கோடு. மார்க்கர் பேனா தின்னரில் அழிந்துவிடும். அதனால் சேரும் முகத்தில் படாமல், கண்ணில் படாத மூலையில் மெல்லிய பஞ்ச் ஆணியால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று குத்திவிடுவது என் வழக்கம். வால்வுத் துளை சென்டரின் எந்த ஆரக்கம்பிக்கு நேராக இருக்கிறது என்றும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வீலிலும் அது ஒரே இடத்தில் வந்தால்தான் பார்க்க அழகு.

டயல் கேஜ் (மிகச் சின்ன ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் கருவி) கிடைத்தால் பிரிப்பதற்கு முன்பே வீலைச் சுழற்றி ஆட்டத்தை அளந்து எழுதிவையுங்கள். டயரின் பீடு, அதாவது வீலில் பொருந்தும் அதன் தடித்த உள்விளிம்பு, உட்காரும் இடத்தில் மேல்கீழ் ஆட்டம், பக்கவாட்டு ஆட்டம் இரண்டும் வேண்டும். நெளிந்த பேரலுக்கு மாதக்கணக்கில் பாலீஷ் போட்டு என்ன பயன்? நெளிவு எந்தத் துண்டில் இருக்கிறது என்று இப்போதே தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். மூன்று துண்டு வீல் வாங்கியதே அதற்குத்தானே.

போல்ட்டைக் கழற்றுவது

ஆர்எஸ் போன்றவற்றில் போல்ட் எம்7 அளவு. தலை பன்னிரண்டு முனை கொண்டது. மற்ற நிறுவனங்களில் எம்6, எம்8 உண்டு, ஆலன் கீ போடும் தலையும் உண்டு. எதுவாக இருந்தாலும் சரியான சாக்கெட்டை வாங்கிய பிறகே தொடங்குங்கள். ‘ஏறக்குறைய உட்காருகிறது’ என்று ஒரு ஸ்பானரைப் போட்டுத் திருகினால் மெல்லிய தலை முதல் திருகிலேயே உருண்டையாகிவிடும். அப்புறம் டிரில்தான்.

பழைய வீலில் எஃகு போல்ட்டும் அலுமினியமும் உப்பு, ஈரம் பட்டுப் பட்டுப் பிடித்துக் கிடக்கும். முதல் நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். நட் இருந்தால் நட் பக்கமும் அடியுங்கள். காலையில் ஹீட் கன்னால் சூடு காட்டினால், மரையில் பழைய பசை இருந்தாலும் இளகும். கேஸ் வெல்டிங் நெருப்பைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். அலுமினியம் நிறம் மாறிச் சொல்லாது, எவ்வளவு சூடானது என்று தெரியாமலே அதன் உறுதி போயிருக்கும்.

நட் உள்ள வீலில் போல்ட் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புவது நல்லது. நேராகச் சென்டரிலோ பேரலிலோ மரை வெட்டிய வீலில் கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப முறுக்கி, மறுபடி கழற்றி என்று பொறுமையாக வாருங்கள். கிரீச் என்று சத்தம் வந்தால் நிறுத்தி எண்ணெய் விடுங்கள். அலுமினிய மரை ஒருமுறை பிய்ந்தால் கம்பிச்சுருள் வைத்துச் சரிசெய்யத்தான் முடியும். அந்த வேலையை வீலில் செய்ய அனுபவமுள்ள கை வேண்டும்.

எல்லாப் போல்ட்டும் வந்த பிறகும் துண்டுகள் பிரியாது. காற்று கசியாமல் இருக்க விட்ட பழைய சிலிகான் சீலண்ட் பிடித்துக்கொண்டிருக்கும். உள்பக்கத்தில் சேரும் கோட்டின் மேல் உள்ள சீலண்ட்டை முதலில் வெட்டி எடுத்துவிட்டு, ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் நுழைத்து நெம்பாதீர்கள். அங்கே விழும் ஒரு கீறல் பின்னால் காற்றுக் கசியும் வழி.

சுத்தமும் விரிசலும்

பழைய சீலண்ட்டைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டி, மிச்சத்தைச் சிலிகான் கரைக்கும் திரவத்தால் எடுக்க வேண்டும். இது நான்கு வீலுக்கும் சேர்த்து ஒரு நாள் வேலை, அலுப்பான வேலை, தவிர்க்க முடியாத வேலை. பழைய சிலிகானின் மேல் புதுச் சிலிகான் ஒட்டாது. அதை விட்டுவைத்துப் பெயிண்ட் அடித்தால் பெயிண்ட்டும் மீன்கண் மாதிரி விலகி நிற்கும்.

சுத்தமான பிறகு விரிசல் பாருங்கள். வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் சிவப்புச் சாயமும் வெள்ளை டெவலப்பரும் சேர்ந்த சோதனை ஸ்பிரே கிடைக்கும். சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். போல்ட் துளைகளைச் சுற்றி, கம்பிகள் சென்டரின் நடுவட்டத்தில் சேரும் மூலைகள், பேரலின் உள் விளிம்பு, இந்த மூன்றும் முக்கியம். சென்டரில் விரிசல் இருந்தால் அதைச் சுவரில் மாட்டுங்கள். வெல்டு வைத்து ஓட்டலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 6061-டி6 போன்ற பதப்படுத்திய அலுமினியத்தில் வெல்டு வைத்த இடத்தைச் சுற்றிப் பதம் போய்விடும். மறுபடி பதமேற்ற நம் பட்டறைகளில் வசதி கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. சில பழைய பந்தய வீல்களின் சென்டர் மெக்னீசியம். அதன் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் எரியும். சந்தேகம் இருந்தால் மறைவான இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்தால் மெக்னீசியம். அதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

லிப்: வேலையின் பெரும்பகுதி

பல வீல்களில் லிப் வெறும் அலுமினியம் இல்லை. மேலே அனோடைஸ் அல்லது கிளியர் கோட் என்னும் நிறமில்லாப் பூச்சு இருக்கும். அதை எடுக்காமல் தேய்த்தால் அங்கங்கே திட்டுத் திட்டாக மின்னும். கிளியர் என்றால் பெயிண்ட் ரிமூவர் போதும். அனோடைஸ் என்பது கடினமான ஆக்சைடு படலம். வாட்டர் பேப்பரில் தேய்த்து எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். நீர்த்த காஸ்டிக் சோடா அதைக் கரைக்கும், ஆனால் படலம் போன மறு நிமிடம் அலுமினியத்தையும் தின்னத் தொடங்கும். கையுறை, கண்ணாடி, திறந்த இடம் மூன்றும் கட்டாயம். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கிளம்பும் வாயு ஹைட்ரஜன் என்பதால் பக்கத்தில் நெருப்பு கூடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கழுவிப் பாருங்கள். சேரும் முகங்களை அதில் நனையவிடாதீர்கள்.

படலம் முழுவதும் போயிற்றா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில் வைத்து, இரண்டு முனையையும் லிப்பில் லேசாகத் தொடுங்கள். அனோடைஸ் மின்சாரம் கடத்தாது. பீப் என்று கத்தினால் அங்கே வெறும் அலுமினியம்தான்.

இனி நடைபாதைக் கல்லில் உரசிய காயங்கள். விளிம்பில் நிற்கும் பிசிறுகளை நைசான அரத்தால் சமப்படுத்துங்கள். ஆழமான பள்ளம் என்றால் அதை முழுவதும் தேய்த்து மறைக்கப் பார்க்காதீர்கள். லிப் மெல்லிய தகடு, அந்த இடத்தில் கை வைத்தால் குழியே தெரியும். அந்த லிப்பை மாற்றுவது நல்லது. இல்லையென்றால் பள்ளத்தோடு வாழப் பழகலாம். நாற்பது வருட வீலுக்கு ஒரு தழும்பு இருந்தால் தப்பில்லை என்பது என் கட்சி.

தேய்ப்பது வாட்டர் பேப்பரில், சோப்புத் தண்ணீர் விட்டு. காயம் அதிகம் என்றால் 320இல் தொடங்கி 400, 600, 800, 1000, 1500, 2000. காயம் இல்லையென்றால் 600இல் தொடங்கலாம். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியின் கோடுகள் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இதற்கு ஒரு தந்திரம்: ஒரு பேப்பரை வட்டமாகத் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்காகத் தேயுங்கள். பழைய கோடு எங்கே மிச்சம் என்று பளிச்சென்று தெரியும். 400இன் கோட்டை 1500ஆல் எடுக்க முயன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணாக்கியிருக்கிறேன். தெரிந்த லேத் பட்டறை இருந்தால் லிப்பை மட்டும் மெதுவான வேகத்தில் சுழலவிட்டுப் பேப்பர் பிடிக்கலாம். பாதி நேரம் மிச்சம். ஆனால் உளி வைத்துச் சீவ விடாதீர்கள்.

அப்புறம் பஃபிங். முதலில் கரடு சிசால் சக்கரமும் வெட்டும் கட்டியும், பிறகு மென்மையான பருத்திச் சக்கரமும் மெருகுக் கட்டியும். ஒரு கட்டிக்குப் பயன்படுத்திய சக்கரத்தை மற்றதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரே இடத்தில் அழுத்தி நிறுத்தினால் அலுமினியம் சூடாகி மேகம் படர்ந்த மாதிரி மங்கும். கடைசியில் கையால் மெட்டல் பாலீஷ் போட்டு, பழைய பருத்தித் துணியால் துடைத்தால் முடிந்தது.

பாலீஷ் போட்ட லிப் மேல் கிளியர் அடிக்கலாமா? அடிக்க வேண்டாம் என்பேன். கண்ணாடி மாதிரி வழவழப்பான அலுமினியத்தில் கிளியர் பிடிக்க எதுவும் இல்லை. ஒரு கல் பட்டு ஓட்டை விழுந்தால் அதன் வழியே ஈரம் நுழைந்து, அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் படரும். அதைச் சரிசெய்ய முழுவதும் உரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெறும் லிப் மங்கினால் அரை மணி நேரக் கைவேலை. சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று ஊரில் அடிக்கடி மங்கும். நல்ல மெழுகு போட்டுவந்தால் சமாளிக்கலாம்.

சென்டருக்கு நிறம்

பழைய பெயிண்ட்டை ரசாயனத்தால் உரிக்கலாம், அல்லது கண்ணாடி மணி போட்டு மென்மையாக பிளாஸ்டிங் செய்யலாம். கரடு மணல் வேண்டாம். பெயிண்ட்டை எரித்து எடுக்கும் அடுப்பில் வைக்கவே கூடாது, அந்தச் சூட்டில் அலுமினியத்தின் பதம் போய்விடும். பவுடர் கோட்டிங் அடுப்பு பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ். சில நிமிடங்களுக்கு அது பரவாயில்லை. ஆனால் நிறம் பிடிக்கவில்லை என்று மூன்று நான்கு முறை உரித்து உரித்துச் சுடாதீர்கள்.

இப்போது நான் தொடக்கத்தில் புலம்பிய விஷயம். பவுடர் பூச்சு தடிமனானது. 60 முதல் 100 மைக்ரான் சாதாரணம். பின்வரும் இடங்களில் அது இருக்கவே கூடாது: சென்டர் லிப்போடும் பேரலோடும் ஒட்டும் முகம், போல்ட் தலை உட்காரும் வட்டங்கள், போல்ட் துளைகளின் உள்சுவர், காரின் ஹப்பில் ஒட்டும் பின்முகம், நடு ஓட்டை, வீல் நட் உட்காரும் கூம்புகள். கடைசி இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கூம்பில் பூச்சு இருந்தால் வீல் நட்டே தளரும், அது போல்ட் தளர்வதைவிட மோசம்.

பட்டறையில் வாயால் சொன்னால் போதாது. சூடு தாங்கும் டேப்பை நீங்களே ஒட்டி, துளைகளுக்குச் சிலிகான் அடைப்பான் செருகி, ஒரு தாளில் படம் வரைந்து சேர்த்துக் கொடுங்கள். திரும்பி வந்ததும் முகங்களைத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் பூச்சு ஏறியிருந்தால், தட்டையான கட்டையில் 400 பேப்பர் சுற்றி அதை மட்டும் எடுங்கள். ஸ்பிரே பெயிண்ட் அடிப்பவர்களுக்கும் இதே விதிதான். பெயிண்ட் மெல்லியது என்பதால் ஆபத்து கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

புதுப் போல்ட்

பழைய போல்ட்டை மினுக்கி மறுபடி போடும் ஆசை வரும். பழைய போல்ட் எத்தனை முறை இழுபட்டது என்று யாருக்கும் தெரியாது. புதிது வாங்குங்கள், வீலுக்கென்று விற்கும் செட்டாக. கடைவீதியில் பளபளவென்று கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் வேண்டாம். ஏ2-70 என்று பொறித்த சாதாரண ஸ்டெயின்லெஸ்ஸின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல்தான். 10.9 தர எஃகுக்கு அது சுமார் 1000. அலுமினிய மரைக்குள் ஸ்டெயின்லெஸ் போட்டால் அரிப்பும் அதிகம். ஆசைக்குக் குரோம் முலாம் பூசக் கொடுப்பதும் வம்பு. உறுதியான எஃகுக்கு முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உடையும் தன்மை வரும், உடனே சூளையில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால் ஒருநாள் சும்மா நிற்கும்போதே தலை தெறிக்கும்.

நீளமும் முக்கியம். துளையின் அடியைத் தொட்டு நின்றுவிடும் நீளமான போல்ட், டார்க் ரெஞ்சில் ‘கிளிக்’ சொல்லும், ஆனால் எதையும் பிடித்திருக்காது.

பூட்டுவது

முதலில் சீலண்ட் இல்லாமல் வெறுமனே சேர்த்துப் பாருங்கள். நான்கு போல்ட் போட்டு, குறிகள் நேராக வருகின்றனவா, வால்வுத் துளை இடத்தில் இருக்கிறதா, முகங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். லிப் சென்டரின் படியில் கச்சிதமாக உட்கார வேண்டும். போல்ட்டால் இழுத்து உட்கார வைக்கக் கூடாது.

சரியாக இருந்தால் பிரித்து, முகங்களை நூல் படியாத துணியில் அசிட்டோன் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மறுபடி சேருங்கள். சமமான மேசையில், மெத்தை விரித்து, லிப்பை மேல்நோக்கி வையுங்கள். எல்லாப் போல்ட்டையும் கையால் சுழற்றி உள்ளே விடுங்கள். கையால் போகாத போல்ட்டை ஸ்பானர் போட்டுத் தள்ளாதீர்கள், மரை குறுக்கே ஏறியிருக்கும்.

டார்க் அளவை வீல் தயாரிப்பாளரிடமிருந்தோ போல்ட் செட் விற்றவரிடமிருந்தோ எழுத்தில் வாங்குங்கள். பொது அட்டவணையில் 8.8 தர எம்6க்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8க்கு 25 என்று பார்ப்பீர்கள். அது எஃகில் எஃகு முறுக்கும் கணக்கு. அலுமினிய மரைக்கும் எண்ணெய் தடவிய மரைக்கும் அது பொருந்தாது. எண்ணெயோ, போல்ட் தளராமல் இருக்க மரையில் விடும் மரைப்பசையோ இருந்தால் அதே டார்க்கில் போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும். காய்ந்த மரைக்கான எண்ணா, பசை போட்டதற்கான எண்ணா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன அளவுக்கு வீல் நட் முறுக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் உதவாது. 5 முதல் 25 வரை அளக்கும் கால் இஞ்ச் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள்.

முறுக்கும் வரிசை எதிரெதிராக. மணிக்கூண்டு முகப்பை மனதில் வைத்துக்கொண்டால் 12, 6, 3, 9, பிறகு நடுவில் உள்ளவை. முதல் சுற்று பாதி அளவு, இரண்டாம் சுற்று முக்கால், மூன்றாம் சுற்று முழு அளவு. அதோடு விடாமல் நான்காவதாக ஒரு சுற்று, இந்த முறை வரிசையாகவே, முழு அளவில் வாருங்கள். பக்கத்துப் போல்ட் இறுகும்போது முன்பு இறுக்கியது கொஞ்சம் இளகியிருக்கும். நான்காவது சுற்றில் எதுவும் அசையாமல் ‘கிளிக்’ சொன்னால் நிம்மதி. பிறகு ஒவ்வொரு தலையிலிருந்தும் சென்டர் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு. எந்தப் போல்ட் திரும்பினாலும் அந்தக் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

இப்போது மறுபடி டயல் கேஜ். இரண்டு ஆட்டமும் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் எனக்குத் திருப்தி. அதிகமாக இருந்தால் பெரும்பாலும் முகத்தில் எங்கோ ஒரு துளி அழுக்கோ பூச்சோ மாட்டியிருக்கும். பிரித்துப் பாருங்கள்.

சீல்

ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் வைத்த வீல் என்றால் புது ரிங் வாங்கி அதன் பள்ளத்தில் வைத்துப் பூட்டியிருப்பீர்கள். மற்றவற்றில் பூட்டிய பிறகே சீலண்ட். டயர் உட்காரும் பக்கத்தில், லிப்பும் பேரலும் சேரும் கோட்டின் மேல் அது போக வேண்டும். இரண்டு முகத்துக்கும் நடுவே தாராளமாகச் சீலண்ட் தடவிப் பூட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பெயிண்ட்டுக்குச் சொன்ன அதே காரணம்தான், நடுவில் மெத்தென்ற ஒன்று இருந்தால் போல்ட்டின் பிடி நிற்காது.

சிலிகான் வாங்கும்போது டியூபில் நியூட்ரல் க்யூர் என்று இருக்கிறதா பாருங்கள். காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை, மலிவானது, அமிலம் விடும், உலோகத்தை அரிக்கும். கோட்டின் இருபக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே ஓட்டமாகச் சுற்றி விட்டு, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வழித்து, டேப்பை உடனே உரித்துவிடுங்கள். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். கசிவு அங்கேதான் வரும். பீடு உட்காரும் படியில் சிலிகான் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிலிகான் காற்றின் ஈரத்தில் காயும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் பச்சையாக இருக்கும். இரண்டு நாள் விட்டுவிடுங்கள். ஏசி அறையில் வைத்தால் இன்னும் தாமதமாகும்.

அகலம் மாற்ற ஆசைப்பட்டால்

ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். 7 இஞ்ச் அகல வீல், ஈடி 30. ஈடி என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை உள்ள தூரம், மில்லிமீட்டரில். வெளி லிப்பை அரை இஞ்ச் பெரியதாக மாற்றினால் அகலம் 7.5. வெளி விளிம்பு 12.7 மில்லிமீட்டர் வெளியே வரும், உள்பக்கம் மாறாது. வீலின் நடுக்கோடு அதில் பாதி, 6.35 மில்லிமீட்டர், வெளியே நகரும். எனவே ஈடி சுமார் 24. பலர் 12.7ஐ அப்படியே ஈடியில் கழித்துவிட்டுக் குழம்புகிறார்கள். இந்தியச் சாலையில் ஓடும் கார் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் இன்சூரன்ஸ் தாளையும் படித்துவிட்டு இதில் இறங்குங்கள்.

டயர் ஏற்றி, காற்று அடித்து

புது மெட்டல் வால்வு போடுங்கள். டயர் ஏற்றுபவரிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: நடுப் பள்ளத்தில் சிலிகான் இருக்கிறது, கடப்பாரை முனை அங்கே படக் கூடாது. பீடுக்கு வழுக்கும் டயர்க் குழம்பைத் தாராளமாகத் தடவ வேண்டும். பேலன்சிங் எடை உள்பக்கம் ஒட்டும் வகைதான், லிப்பில் அடிக்கும் வகை கூடாது. பீடு உட்காரும்போது யாரும் வீலின் முன்னே குனிந்து பார்க்க வேண்டாம்.

சோப்புத் தண்ணீரைப் போல்ட் தலைகள், லிப்போரம், வால்வு எல்லாவற்றின் மேலும் ஊற்றிக் குமிழி வருகிறதா பாருங்கள். பிறகு காற்றின் அளவை எழுதிவைத்து ஓர் இரவு விடுங்கள். நல்ல டயர் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழப்பது சகஜம். ஒரே இரவில் அவ்வளவு இறங்கினால் எங்கோ ஓட்டை. குமிழி போல்ட் தலையில் வந்தாலும் ஓட்டை அந்தப் போல்ட்டுக்கு நேர் உள்ளே இருக்க வேண்டும் என்று இல்லை. காற்று கோட்டின் வழியே சுற்றி வந்து வசதியான இடத்தில் வெளியேறும். டயரை இறக்கி, சீலண்ட் முழுவதையும் எடுத்து, மறுபடி விடுவதுதான் வழி. வெளியிலிருந்து ஒட்டுப் போட்டு நின்றதாக நான் பார்த்ததில்லை.

முதல் 100 கிலோமீட்டர் கழித்து ஒருமுறை, 500க்கு ஒருமுறை, பெயிண்ட் பேனாக் கோடுகளைப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் காற்றை இறக்கிய பிறகே அந்தப் போல்ட்டைத் தொடுங்கள். மரைப்பசை போட்டிருந்தால் சும்மா இறுக்கிவிடாமல், கழற்றி, சுத்தம் செய்து, புதுப் பசையோடு போட வேண்டும். ஒரு கோடு மட்டும் உடைந்திருந்தால் அந்தப் போல்ட்டின் குறையாக இருக்கலாம். வரிசையாக நாலைந்து உடைந்திருந்தால் டயரை இறக்கிப் பிரித்துவிடுங்கள், அங்கே முகத்தில் பூச்சு இருக்கிறது.